ஓவர்-தி-ரைன் பகுதியில் ஒரு பெல்ஜிய இரவுணவு

வேலை நிமித்தமாக 2005-ஆம் ஆண்டு நான் முதன்முதலில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குச் சென்றபோது, சென்ட்ரல் பார்க்வே சாலையைத் தாண்டி வடக்கே போக வேண்டாம், இருட்டிய பிறகு போகவே வேண்டாம் என்று உடன் பணிபுரிந்தவர்கள் எச்சரித்தார்கள். அந்தச் சாலைக்கு அப்பால் இருப்பதுதான் ஓவர்-தி-ரைன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள், நகர மையத்துக்கும் தங்கள் வீடுகளுக்கும் நடுவே ஓடிய மயாமி–ஈரி கால்வாயைத் தங்கள் ஊர் ரைன் நதியாகப் பாவித்ததால் வந்த பெயர் அது. பிற்காலத்தில் அந்தக் கால்வாயின் தடத்திலேயே சென்ட்ரல் பார்க்வே அமைந்தது. திமோத்தி தாமஸ் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞரை, கையில் ஆயுதம் இல்லாத நிலையில், காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றதால் 2001 ஏப்ரலில் அங்கே மூண்ட கொந்தளிப்பு அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தது. நானும் சொன்னபடி கேட்டு, இரண்டு ஆண்டுகள் அந்தச் சாலையைக் கடக்காமலேயே ஊர் திரும்பினேன்.

சென்ற அக்டோபரில் கணவருடன் மீண்டும் போனேன். இம்முறை நகர மையத்திலிருந்து கட்டணமில்லா டிராமில் ஏறி, வைன் தெருவை ஒட்டிய ஒரு பெல்ஜிய கேஸ்ட்ரோபப்பை, அதாவது பியரோடு நல்ல சாப்பாடும் தரும் மதுவிடுதியை, தேடிச் சென்றோம். மேசை கிடைக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. வாஷிங்டன் பூங்கா வரை நடந்து, 1878-இல் கட்டிய மியூசிக் ஹாலின் செங்கல் முகப்பை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தோம். பூங்காவில் குழந்தைகள் இரவு எட்டு மணிக்கும் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் முதலில் கேட்டது மசல்ஸ் என்ற கடல் சிப்பி வகை. வெங்காயம், செலரி, வெள்ளை ஒயின் சேர்த்து ஆவியில் வேகவைத்து, கறுப்பு எனாமல் பானையில் மூடியோடு கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் கடல் மணமும் பூண்டின் மணமும் கலந்திருந்தன. முள்கரண்டியோடு நான் போராடுவதைப் பார்த்த பரிசாரகப் பெண், முதலில் தின்ற சிப்பியின் வெற்று ஓட்டையே இடுக்கிபோலப் பிடித்து மற்றவற்றின் சதையைக் கவ்வி எடுக்கலாம் என்று செய்து காட்டினார். அதன்பின் பேச்சே இல்லை. அடியில் தங்கியிருந்த சாற்றை ரொட்டியால் துடைத்துத் தின்றோம். எனக்கு அந்தச் சாறுதான் சிப்பியைவிடச் சுவையாக இருந்தது.

உடன் வரும் உருளைக்கிழங்கு ஃபிரைட்ஸை பெல்ஜிய முறைப்படி இரண்டு முறை பொரிக்கிறார்கள்: முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேகும் வரை, பிறகு ஆறவைத்து அதிகச் சூட்டில் மேலே மொறுமொறுப்பு ஏறும் வரை. பாரம்பரியமாக இதை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது உண்டு என்பதால், கணவர் முன்கூட்டியே விசாரித்தார். அந்தப் பெண் சமையலறைக்குள் சென்று கேட்டு வந்து, தாவர எண்ணெய்தான் என்று உறுதிசெய்தார். சைவ உணவு உண்பவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் தயங்காமல் கேளுங்கள்; கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

பியரைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் டூவெல் என்ற பெல்ஜிய பியரைக் கேட்டார். அதற்கென்றே உள்ள துலிப் வடிவக் கண்ணாடிக் குவளையில்தான் அதை ஊற்றினார்கள். வழக்கமான லாகர் பியரில் 5 சதவீதம் அளவில் இருக்கும் ஆல்கஹால் இதில் 8.5 சதவீதம். இளமஞ்சள் நிறத்தைப் பார்த்து ஏமாந்து வேகமாகக் குடிப்பவர்களுக்கு அது ஆபத்து. திரும்பும்போது ஹோட்டலிலிருந்து நான்தான் கார் ஓட்ட வேண்டியிருந்ததால் காபியோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து மேசையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்து, கட்டம் போட்ட இரும்பு அச்சில் சுடும் வாஃபிளைத் தின்றுகொண்டிருந்தார். தானே பேச்சுக் கொடுத்தார். பிறந்தது இரண்டு தெரு தள்ளி. அந்த வீடு இப்போது அவர் வாடகை கொடுக்க முடியாத அடுக்ககமாக மாறிவிட்டது. பேருந்து ஏறி வாரம் ஒருமுறை வருகிறார். இரவுணவின் விலை கட்டாது என்பதால் வாஃபிளும் காபியும் மட்டும். பாழடைந்து பூட்டிக் கிடந்த கட்டடங்களில் விளக்கு எரிவதைப் பார்க்க மகிழ்ச்சி என்றார், சொல்லும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு வந்த பில் டிப்ஸுடன் தொண்ணூறு டாலர். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 2006-இல் அமெரிக்காவின் அழியும் ஆபத்துக்கு மிகவும் உள்ளான வரலாற்று இடங்கள் பதினொன்றில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்ட இந்தப் பகுதி மீண்டிருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அவரைப் போன்றவர்களுக்கு அங்கேயே வீடும் கிடைத்திருக்க வேண்டும்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. பெல்ஜியத்தின் லூவன் நகரில் இரண்டு ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் வாஃபிள் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வாஃபிளில் பல வகை உண்டு. பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் நீர்த்த மாவில் செய்வது, செவ்வகமானது, லேசானது. லியேஜ் வாஃபிள் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த கெட்டி மாவில் முத்துச் சர்க்கரை எனும் பருத்த சர்க்கரை மணிகளைக் கலந்து சுடுவது. சூடான இரும்பு அச்சில் பட்ட சர்க்கரை உருகிக் கருகலாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேலே கிரீமோ சிரப்போ வேண்டியதில்லை. சின்சினாட்டியில் நான் சாப்பிட்டது லியேஜ் வகை, கோழிப் பொரியலோடு தந்தார்கள். கோழியோடு தின்பது அமெரிக்கப் பழக்கம். பெல்ஜியத்தில் நான் அப்படிக் கண்டதில்லை. ஆனாலும் அந்த வாஃபிளின் ஓரம், லூவன் ரயில் நிலைய வாசலில் குளிரில் நின்று தின்றதைப் போலவே பல்லில் நொறுங்கியது.