எக்ஸிட்டான்கள் மோதி அழிகின்றனவா, மாதிரி சூடாகிறதா?

நண்பர்களே, சிலிக்கான் டையாக்சைடின் மேல் வைத்த ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டைசல்ஃபைடின் ஒளிர்வை அறை வெப்பநிலையில், தொடர் லேசரில் அளக்கிறேன். குறைந்த திறனில் ஒளிர்வு நேர்விகிதத்தில் ஏறுகிறது. மேலும் கூட்டினால் வரைகோடு வளைந்து படுத்துவிடுகிறது. 2 எலக்ட்ரான் வோல்ட் அருகிலுள்ள முகடும் அகன்று சிவப்புப் பக்கம் நகர்கிறது.

வளைவுக்குக் காரணம் இரண்டு எக்ஸிட்டான்கள் (ஒன்றோடொன்று பிணைந்த எலக்ட்ரான்-துளை இணைகள்) சந்தித்து ஒன்று அழிவதுதான் என்று நினைக்கிறேன். அந்த வேகம் அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். முகட்டு நகர்வுதான் குழப்புகிறது. வெப்பமும் அதைச் செய்யும், மின்னூட்டத் துகள்கள் நெருங்கி ஆற்றல் இடைவெளி சுருங்குவதும் செய்யும். மாட் நிலைமாற்றம், அதாவது நெரிசலில் எக்ஸிட்டான்கள் பிணைப்பு உடைந்து தனி எலக்ட்ரான்களும் துளைகளுமாவது, என்கிறார் ஆய்வகத் தோழர். அதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10¹³ என்ற அளவில் துகள்கள் வேண்டும்; தொடர் லேசரில் அது எட்டும் என்று நான் நம்பவில்லை.

துடிப்பு லேசருக்கு மாறி, ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலையும் அப்படியே வைத்து, துடிப்பு வீதத்தை மட்டும் குறைத்தால் சராசரிச் சூட்டைப் பிரித்தறியலாமா? அறுகோண போரான் நைட்ரைடுக்குள் பொதித்தால் அழிவு குறையும்தான். ஆனால் அது வெப்பத்தையும் நன்றாகக் கடத்துமே, இரண்டும் ஒருசேர மாறினால் எதை நம்புவது? நேரம் பிரித்து ஒளிர்வு அளந்த அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.