சுப்புடு யார்? தாத்தாவின் பெட்டியில் கிடைத்தவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய பத்திரிகைத் துண்டுகள், எல்லாமே சுப்புடு எழுதிய கச்சேரி விமர்சனம். யார் இவர்?

பதில்: பி.வி.சுப்ரமணியம். ரங்கூனில் இருந்தவர், ஜப்பான்காரன் வந்ததும் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா போனார் (ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்கு ஆள் பறிகொடுத்த நம் தோட்டங்களுக்கு இது புரியும்). அப்புறம் டில்லியில் அரசு வேலை, கூடவே ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் விமர்சனம். 2007-ல் காலமானார்.

பதில்: ஆர்மோனியமும் வாசிப்பார் தம்பி. கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) வராது என்று அகில இந்திய வானொலி 1940-ல் தடை போட்ட அதே பெட்டி! காது கூர்மைதான், ஆனால் நடன விமர்சனத்தில் ஆடுபவரின் உடம்பைக்கூடக் கிண்டலடித்தது எனக்குப் பிடிக்காது.

சரி அண்ணே, ஸ்கேன் பண்ணிப் போடவா?

பதில்: போடுங்க, முதலில் கறையானைத் தட்டுங்க.