சி.டி.ஸ்டட் கொடுத்த 29,000 பவுண்டும் நம்ம அர்ப்பணிப்புக் கூட்டமும்

எலிம்72:
சபைக் கன்வென்ஷன் கூட்டங்களின் கடைசி நாள் செய்தியில் சி.டி.ஸ்டட் வராமல் இருக்கமாட்டார். இங்கிலாந்து டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டக்காரர், 1885-ல் சீனாவுக்கு மிஷனரியாகப் போனவர், தகப்பன் வைத்துப்போன ஏறக்குறைய 29,000 பவுண்டையும் கொடுத்துத் தீர்த்தவர். சொல்லி முடித்ததும் "முழுசாக ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழும்பி நில்லுங்கள்." இதை உணர்ச்சி வியாபாரம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். மாற்கு 10-ல் உண்டானதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று ஐசுவரியவானிடம் சொன்ன ஆண்டவர் தவணை பேசினாரா?

கணக்கன்:
பேசவில்லை. ஆனால் ஸ்டட்டும் எழும்பி நின்ற கையோடு கொடுக்கவில்லை, பிரதர். 25 வயது முடிந்து சொத்து அவருக்குப் பாத்தியமானது 1885 டிசம்பரில். சீனாவின் சுங்கிங் நகரத்தில், சொத்தைக் கையாள வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடப் போனால், பிரிட்டிஷ் கான்சல் மறுத்து, இரண்டு வாரம் யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அது கழித்துத்தான் கையெழுத்து. செக்குகள் புறப்பட்டது 1887 ஜனவரி 13. 5,000 பவுண்டில் நான்கு, 1,000-ல் ஐந்து. பிரிஸ்டலில் அநாதை இல்லம் நடத்தின ஜார்ஜ் முல்லருக்குப் போன 5,000-லும் மிஷன் வேலைக்கு 4,000, அநாதைப் பிள்ளைகளுக்கு 1,000 என்று பிரித்திருக்கிறார். மேடையில் இந்த இரண்டு வாரம் மட்டும் காணாமல் போய்விடும்.

எலிம்72:
இரண்டு வாரத்தில் மனம் மாறினாரா? இல்லையே! கல்யாணத்துக்கு முன் மிச்சமிருந்த 3,400 பவுண்டை மணப்பெண்ணிடம் கொடுத்தார். ஆண்டவர் ஐசுவரியவானிடம் என்ன சொன்னார் என்று கேட்டு அதையும் கொடுக்க வைத்தவர் பிரிஸில்லாதான்.

தெபோராள்:
பணத்தில் எனக்குத் தகராறு இல்லை அண்ணா. அது அவர் பணம். அவர் பின்னாளில் மிஷனரியாகப் போன காங்கோவுக்கு வாங்க. 1916-ல் கடைசியாகக் கப்பலேறினவர் 1931-ல் இபாம்பியில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. 1928-ல் மனைவிதான் போய் இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்தார், மறுவருஷம் இறந்தார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7-லும் வாசிக்கணும்.

எலிம்72:
பிரிஸில்லா மூலையில் உட்கார்ந்து அழவில்லை, சிஸ்டர். நோய்ப்படுக்கையிலிருந்து எழும்பி இங்கிலாந்தில் மிஷன் வேலையை இழுத்துச் சென்றவர். இரண்டு பேருடைய அர்ப்பணிப்பு அது.

தெபோராள்:
அவர் மனசார ஒப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். கூட வந்த ஊழியர்கள்? தான் ஓடுகிற ஓட்டத்தில் எல்லாரும் ஓடணும் என்று ஸ்டட் எதிர்பார்த்தார். கடைசியில் மிஷனின் லண்டன் கமிட்டியோடு முறிவு.

கணக்கன்:
எங்கே சறுக்குகிறது என்றால், பாட்டு ஓடும்போது "எல்லாம்" என்று சொல்லுகிறோம், எது எது என்று சொல்லுவதில்லை. பலிபீடத்தில் முழுசாக எரிக்கிற சர்வாங்க தகனபலி எப்படி என்று லேவியராகமம் 1 பாருங்க: தோலுரிக்கணும், சந்துசந்தாகத் துண்டிக்கணும், குடலையும் தொடைகளையும் தண்ணீரில் கழுவணும். ஆட்டை அப்படியே தூக்கி நெருப்பில் போடுகிற வேலை இல்லை. 27-ம் அதிகாரத்தில் வீட்டை நேர்ந்துகொண்டால் ஆசாரியன் வந்து மதிப்புப் போடுவார். பிறகு திரும்ப வேணும் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்டணும்.

ஆகவே கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து பேப்பரில் எழுதுங்க. முதலில் பிறருக்குச் சேரவேண்டியது: வாங்கின கடன், சீட்டுப் பாக்கி, அப்பா அம்மா மருந்து. வரி வசூலித்த சகேயு பாதியை ஏழைகளுக்கு என்றதோடு நிற்கவில்லை, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அடுத்து உங்கள் பெயரில் இருப்பது, அப்புறம் நேரம். மனைவியோடு உட்கார்ந்து வாசித்து, இரண்டு வாரம் விட்டு, தொகையும் தேதியும் போடுங்க. இதைச் செய்யாதவர் முதல் மாசம் கட்டுவார், மூன்றாம் மாசம் வெட்கத்தில் சபைக்கே வரமாட்டார்.

எலிம்72:
உங்கள் பேப்பரில் முதல் பகுதி முடியவே முடியாது. கடன் தீர்ந்தால் பிள்ளைக்கு ஃபீஸ், அது தீர்ந்தால் வீட்டுக்கு மேல்மாடி. துண்டு போடச் சொன்னீர்களே, அத்தனை துண்டும் பலிபீடத்துக்குத்தானே போனது?

கணக்கன்:
தோலைத் தவிர. லேவி. 7:8.

எலிம்72:
அது ஆசாரியனுக்கு. கொண்டுவந்தவன் வீட்டுக்கு ஒரு துண்டும் திரும்பவில்லை, அண்ணே.

கணக்கன்:
அது சரி. அங்கே என் வாய் அடைபட்டது.

தெபோராள்:
திரும்ப வேண்டாம். ஆடு கொண்டுவந்தவனுடையதுதானா என்று மட்டும் பாருங்க. செலவில்லாத பலி வேண்டாம் என்று தாவீது சொன்ன வசனத்தை அர்ப்பணிப்புக் கூட்டத்தில் முழக்குகிறார்களே, அவர் முதலில் களத்துக்காரன் அர்வனாவுக்கு 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தார். பலிபீடம் கட்டினது அதற்குப் பிறகு.