பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம்: சவுதியா, ஜெர்மனியா? ஏஜென்ட் கேட்கும் 3 லட்சம் நியாயமா?

காவேரிப்பட்டணத்தான்:
தங்கச்சி கிருஷ்ணகிரி பக்கம் தனியார் கல்லூரியில் நாலாம் வருஷம். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு வெளிநாட்டு நினைப்புதான். ஓசூர் ஏஜென்ட் ஒருத்தர் சவுதிக்கு 3 லட்சம் கேட்கிறார்; விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாமாம். ஜெர்மன் மொழியையும் அங்கே போய்ப் படிச்சுக்கலாமாம். இப்பவே என்ன தயார் செய்யணும்?

மத்தூர்_பதில்:
அந்த ஏஜென்டை விட்டுடுங்க. லைசென்ஸ் உள்ள ஏஜென்சி வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்க. சவுதி, குவைத் உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக, பாஸ்போர்ட் எந்த வகையானாலும், 2015 முதல் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். விசிட் விசா அதைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி. அங்கே சம்பளம் வரலைன்னா கையில் பதிவான ஒப்பந்தமே இருக்காது. சென்னையில் இருக்கிற, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தமிழக அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனத்தில் முதலில் பதிவு பண்ணுங்க.

பாலக்கோடு_நர்சிங்:
நாட்டை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம், முதலில் பேரைச் சரிபாருங்க. நம்ம ஊர் இனிஷியல்தான் டேட்டாஃப்ளோவில் (சான்றிதழ்களை அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும் நிறுவனம்) அதிகம் மாட்டும். பத்தாம் வகுப்பில் 'ஆர். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா ராமசாமி', நர்சிங் கவுன்சில் பதிவில் 'கவித்தா' என்று இருந்தால் ஒரே ஆள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன் கல்லூரியில் எழுத்தைத் திருத்துவது சுலபம், பிறகு எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்துக்கு அலையணும். பாஸ்போர்ட்டில் சர்நேமைக் காலியாக விடாதீங்க, இனிஷியலை விரிச்சு அப்பா பேரைப் போடுங்க.

அடுத்தது அனுபவம். சவுதி வேலைக்குப் பெரும்பாலும் படிப்புக்குப் பிந்தைய அனுபவம் கேட்பாங்க. கூடவே முமாரிஸ் (சவுதியில் சுகாதாரப் பணியாளர்கள் பதியும் தளம்) பதிவு, புரோமெட்ரிக் தேர்வு (கணினியில் எழுதும் உரிமத் தேர்வு). பத்து படுக்கை நர்சிங் ஹோமில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் சரிபார்ப்பு மெயிலுக்கு அங்கே பதில் போட ஆள் இருக்காது. அறிக்கை 'சரிபார்க்க முடியவில்லை' என்று வந்து நிக்கும். அதனால் தனி மனிதவளப் பிரிவும் சொந்த மெயில் முகவரியும் உள்ள ஆஸ்பத்திரியாகப் பாருங்க. சேர்ந்த தேதி, வார்டு, படுக்கை எண்ணிக்கை சான்றிதழில் இருக்கணும்.

ஓசூர்_எல்லை:
ஜெர்மனி: ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடிக்காமல் கிளம்பவே வேண்டாம். நர்ஸாக முழு அங்கீகாரத்துக்கு அதற்கடுத்த பி2 நிலை வேணும். அது கிடைக்கும்வரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். நம்ம பாடத்திட்டத்தில் குறை இருக்குன்னு அங்கே சொன்னால் அறிவுத் தேர்வோ, குறையை ஈடுகட்டும் தழுவல் பயிற்சியோ முடிக்கணும். மொழியில் தேங்கினால் எல்லாம் தேங்கும்.

பிரிட்டன் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி. பிறகு கணினித் தேர்வு. அங்கே போனதும் 10 நிலையங்கள் கொண்ட ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு.

காவேரிப்பட்டணத்தான்:
ரொம்ப நன்றிங்க. அக்கா மகள் பெங்களூரில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடிச்சு தர்மபுரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் இதேதானா?

பாலக்கோடு_நர்சிங்:
அவங்க பதிவு கர்நாடக கவுன்சிலில் இருக்கும், நன்னிலைச் சான்று (பதிவு செல்லுபடியாகுது, புகார் இல்லைன்னு கவுன்சில் தருவது) அங்கேதான் வாங்கணும். தமிழ்நாட்டு கவுன்சிலில் பதியாமல் இங்கே வேலை பார்த்தால் அந்த அனுபவத்துக்குக் கேள்வி வரும். சீக்கிரம் பதியச் சொல்லுங்க.