உள்ளூர்ச் சந்தைச் சிப்பிக்கும் நச்சுச் சோதனை வேண்டுமா?

நெய்தல்வாசி:
வெளிநாட்டுக்குப் போகும் சிப்பிக்கும் மட்டிக்கும் நுண்பாசி நச்சு இல்லை என்ற சான்றை வாங்கும் நாடு கேட்கிறது. நம் சந்தையில் கூறு கட்டி விற்பதற்கு அப்படி யாரும் கேட்பதில்லை. 1981-இல் கல்பாக்கம் பக்கத்து வாயலூரில் மட்டி தின்று 85 பேர் பாதிக்கப்பட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி தின்ற 7 பேர் இறந்தார்கள், 500-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சீசனில் வாராவாரம் பிடிக்கும் இடத்திலேயே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், அளவு மீறினால் அந்த இடத்தை மூட வேண்டும் என்கிறேன்.

குளச்சல்காரன்:
மூட வேண்டும் என்று சொல்வது சுலபம். இடுப்பில் வலைப்பையைக் கட்டி, உளியோடு பாறைக்கடியில் மூச்சுப் பிடித்து இறங்குகிறவனிடம் கேட்டீர்களா? அலை அடித்தால் பாறையில் மோதி உடம்பு கிழியும். தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோம், நன்றாக வேகவைத்துத்தான் தின்கிறோம். கடல் கெட்டிருந்தால் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

ஆய்வகத்தோழி:
அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டையும் நம்பித்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். சாக்ஸிடாக்சின் என்ற நுண்பாசி நச்சு வேகவைத்தால் அழியாது. கொதிக்கும்போது கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், அந்தத் தண்ணீரையே நாம் குழம்பாக்கிவிடுகிறோம். கெட்ட வாடை வராது, ருசி மாறாது. சிப்பிக்கும் ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டி, பாசியைத் தின்று, நச்சைச் சதையில் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

நிறமும் கைகொடுக்காது. செக்கச்செவேலென்று மாறும் கடல் பல நேரம் மனிதருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் சிப்பிக்கு நஞ்சேற்றும் அளவுக்குப் பாசி இருக்கலாம். தின்றவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் விரல் நுனி. முற்றினால் மூச்சுத் தசை நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. நச்சு வெளியேறும்வரை வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதுதான். பக்கத்தில் வென்டிலேட்டர் இல்லாத ஊருக்கு என்ன வழி?

குளச்சல்காரன்:
சரி தங்கச்சி, வேகவைத்தால் போதும் என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் காலையில் எடுத்த சிப்பி மத்தியானம் குழம்பாகிவிடும். நீங்கள் மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் எல்லாம் தின்று முடிந்திருக்கும். அதனால் கடைசியில் அதிகாரிகள் செய்யப்போவது கலிபோர்னியா வழிதான். 1927-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் சிப்பி தின்று 100-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். அதிலிருந்து வந்த தடையில் இன்றும் வருஷாவருஷம் மே முதல் அக்டோபர் வரை பாறைச் சிப்பியைத் தொடக்கூடாது. ஆறு மாதம் இங்கே எங்களை உட்காரச் சொல்வீர்களா?

நெய்தல்வாசி:
அந்த நாட்காட்டித் தடை தங்கள் வீட்டுக்கென்று பாறையில் பிடுங்குகிறவர்களுக்கு. விற்பனைக்கு வளர்க்கிறவர்கள் சோதனை செய்துகொண்டு அந்த மாதங்களிலும் விற்கிறார்கள். சோதனை இல்லாத இடத்தில்தான் மொத்தமாகப் பூட்டு விழுகிறது.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவைப் பாருங்கள். 1987 கடைசியில் அங்கே வளர்த்த சிப்பியைத் தின்று 100-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். பிழைத்த சிலருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. அதுவரை சிப்பியில் யாரும் தேடாத டொமோயிக் அமிலம் என்ற இன்னொரு பாசி நச்சுதான் காரணம் என்று சில நாட்களில் கண்டுபிடித்தார்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்துக் கண்காணித்தார்கள். தொழில் அழியவில்லை, கனடாவின் சிப்பியில் பெரும்பங்கு இன்றும் அந்தத் தீவிலிருந்துதான் வருகிறது.

மட்டிக்காரி:
கனடா கதை நல்லதுதான். நான் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி மட்டி பொறுக்கும் பெண்களுக்காகப் பேசுகிறேன். அவர்களுக்குப் படகு கிடையாது, சேமிப்பு கிடையாது. 2015-இல் இதே டொமோயிக் அமிலம் நண்டில் ஏறியதால் கலிபோர்னியாவில் நண்டு சீசன் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. பேரிடர் என்று அறிவிக்க 2017 ஆனது, பணம் ஒதுக்க 2018 ஆனது. பணக்கார நாட்டிலேயே இந்த நிலை. நம் பெண்களுக்கு ஒரு வாரக் கூலி போனாலே வட்டிக்கு வாங்க வேண்டும்.

ஆய்வகத்தோழி:
அக்கா, அந்தக் கவலை முழுக்க நியாயம். அதனால்தான் மூடும் பரப்பையும் நாளையும் குறைக்கும் வழி பற்றிப் பேச வேண்டும் என்கிறேன். பழைய முறையில் சிப்பிச் சதையை அமிலத்தில் கொதிக்கவைத்து, வடித்த சாற்றை எலிக்கு ஊசி போட்டு, எத்தனை நிமிடத்தில் சாகிறது என்று பார்ப்பார்கள். இப்போது சாற்றில் வைத்தால் கோடு காட்டும் பட்டைகள் இருக்கின்றன. துறைமுகத்திலேயே பார்க்கலாம். சந்தேகம் வந்த மாதிரியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். கூடவே வாரம் ஒருமுறை தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்தால் பாசி பெருகுவது முன்கூட்டியே தெரியும். சாக்ஸிடாக்சினுக்கு வரம்பு கிலோவுக்கு 800 மைக்ரோகிராம். அதற்குக் கீழே வந்ததும் திறந்துவிடலாம். பாறையில் ஒட்டும் இந்த வகைச் சிப்பி பெரும்பாலும் சில வாரங்களில் நச்சைக் கழித்துவிடும். இறாலையும் மீன் துண்டையும் இதற்காக நிறுத்தவே வேண்டாம். 1997 போல ஒரு சாவு விழுந்தால் மட்டும், யார் சொன்னாலும் சனங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார்கள்.

குளச்சல்காரன்:
மாதிரி எடுக்கும் வேலையை முக்குளிக்கும் ஆட்களுக்கே கூலி கொடுத்துக் கொடுங்கள். எந்தப் பாறை, எவ்வளவு ஆழம் என்று எங்களுக்குத்தான் தெரியும். முடிவை அன்றைக்கே துறையில் எழுதி ஒட்ட வேண்டும். மூடிய நாளுக்குக் காசு இல்லாமல் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மட்டிக்காரி:
61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. அதே கணக்கில் சிப்பி, மட்டி மூடும் நாட்களையும் சேர்க்கச் சொல்வோம். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுகிறவர்கள் அதை முதல் கோரிக்கையாகப் போடுங்கள், சோதனையை இரண்டாவதாக. கையால் பொறுக்கும் பெண்கள் பெயரும் பட்டியலில் வர வேண்டும்.

நெய்தல்வாசி:
இரண்டையும் ஒரே கோரிக்கையாகவே எழுதுகிறேன். பிரித்துக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை ஓரமாக வைத்துவிடுவார்கள். வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன், அண்ணனும் அக்காவும் திருத்துங்கள்.