பழைய கேசட், ரெக்கோட்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என்ன செட் வைத்திருக்கிறீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹட்டனிலிருந்து:

நிறையப் பேர் சவுண்ட் கார்டில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், டேப்பைத் தொடுகிற பக்கம் காசைப் போடுங்கள் என்பேன். நாடாவைத் தொட்டு வாசிக்கும் ஹெட் தேய்ந்த டெக்கில் இருந்து வரும் மந்தமான சத்தத்தை எந்தக் கார்டும் தெளிவாக்காது.

எங்களிடம் இருந்தவை இரண்டு வகை. ஒன்று, தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது டூ-இன்-வன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) பதிந்தவை. மற்றது, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன சித்தி, கடிதம் எழுதுவதற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்கள். இந்த இரண்டாவது வகை மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் வாக்மேன் மாதிரி சின்ன யூஎஸ்பி பிளேயர் விற்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இருந்ததை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சித்தியின் பேச்சுக்கு அது போதும். கூத்துப் பாட்டைப் போட்டால், இழுத்துப் பாடும் இடமெல்லாம் குரல் தள்ளாடுகிறது. மோட்டார் சீராகச் சுற்றவில்லை, அவ்வளவுதான் காரணம். கேசட் நாடா ஒரு செக்கனுக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே ஓடும். அந்த மெதுவான ஓட்டத்தில் சின்னத் தடுமாற்றமும் காதில் விழும்.

அதனால் பழைய வீட்டு டெக் ஒன்றைத் தேடி வாங்கினேன். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பெல்ட் மாற்றியதா என்பதுதான். பல வருஷம் சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கொண்டிருக்கும். டவுனில் ரேடியோ திருத்தும் பாஸ் அதைச் சுரண்டி எடுத்துப் புதிது போட்டுத் தந்தார். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தாலே பாதிச் சத்தம் திரும்பி வந்துவிடும்.

அப்புறம் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. டூ-இன்-வன்னில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், பதிந்த சத்தமும் அதே சாய்வில்தான் டேப்பில் இருக்கும். நேராக இருக்கும் நல்ல டெக்கில் அதைப் போட்டால் போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி கேட்கும். பாட்டை ஓடவிட்டு, அந்தத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, 'ச', 'ஸ' எல்லாம் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பழைய இடத்தைப் பெயின்ட்டால் அடையாளம் போட்டுவிட்டுத் தொடுங்கள், திரும்பக் கொண்டு வர வேண்டுமே. டேப் மோனோ என்றால் இரண்டு சேனலையும் கலக்கும் முன் இதைச் செய்தாக வேண்டும். சாய்வோடு கலந்தால் உள்ள கொஞ்சக் கூர்மையும் போய்விடும்.

கூத்துக் கேசட்டில் இன்னொரு வேடிக்கை. விடிய விடியப் பற்றரியில் பதிந்திருக்கிறார்கள். பற்றரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகியிருக்கிறது. இப்போது சரியான வேகத்தில் போட்டால், பின்பக்கம் போகப் போகப் பாட்டுக்காரரின் குரல் கீச்சென்று ஏறுகிறது. ஓடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் துண்டு துண்டாக வேகத்தைக் குறைத்துத்தான் சரிசெய்தேன்.

கார்டு பெஹ்ரிங்கர் யூசிஏ202. 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வரை எடுக்கும். கேசட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை. சத்த அளவை உச்சத்தில் மைனஸ் 6 டெசிபல் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். தப்பு மேளத்தின் அடி திடீரென்று விழும்போது சத்தம் அளவு மீறி வெட்டுப்பட்டால் மறுபடி ஓட்ட வேண்டியதுதான். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, 60 நிமிடம் ஓடும் ஒரு சி-60 கேசட்டுக்கு 600 எம்பி.

'உம்ம்' என்று ஒரு இரைச்சல் வருகிறதா? பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வயரிங்கில் பல இடங்களில் எர்த்தே கிடையாது. லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அத்தோடு நின்றுவிட்டது.

பண்டாரவளையிலிருந்து:

ஹட்டன் அண்ணே, அந்தத் திருகாணி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி. எங்கள் வீட்டில் கேசட் கம்மி, ரெக்கோட்தான் அதிகம். தாத்தா கணக்கப்பிள்ளையாக இருந்தவர், கிராமபோன் காலத்துச் சாமான்கள் விட்டுப் போயிருக்கிறார்.

ரெக்கோட்டுக்கு நான் எடுத்த டர்ன்டேபிள் ஓடியோ-டெக்னிக்கா எல்பி120எக்ஸ்யூஎஸ்பி. நிமிடத்துக்கு 33, 45, 78 சுற்று என்று மூன்று வேகத்துத் தட்டும் ஓடும், யூஎஸ்பியும் உள்ளேயே இருக்கிறது. எல்பியும் (33-இல் ஓடும் பெரிய தட்டு) 45-உம் மட்டும் வைத்திருப்பவர்கள் இவ்வளவு செலவழிக்க வேண்டாம், எல்பி60 வகை போதும். சூட்கேஸ் மாதிரி அழகாக வரும் பிளேயர்களை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவற்றில் ஊசி பாரமாக அழுத்தும். நல்ல டர்ன்டேபிளில் ஊசியின் அழுத்தம் 2 கிராம் அளவுதான்.

பழைய டர்ன்டேபிள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சத்தத்தைப் பெருக்கித் தரும் போனோ பிரீஆம்ப் வேண்டும். ஊசியில் இருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, தட்டு வெட்டும்போது அடிச்சத்தத்தைக் குறைத்து மேல்சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அதைத் திருப்பிப் போடும் வேலையும் பிரீஆம்புடையதுதான். நேரே சவுண்ட் கார்டில் செருகினால் தகரத்தில் தட்டுவது போலத்தான் வரும்.

78 தட்டுக்குத் தனி ஊசி. அதன் பள்ளம் எல்பியினுடையதை விட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசி அடியில் போய் உட்கார்ந்து அங்கே உள்ள அழுக்கை வாசிக்கும். இன்னொன்று, 78 தட்டை ஆல்கஹால் போட்டுத் துடைக்கவே கூடாது. அது ஷெல்லாக், ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

நுவரெலியாவிலிருந்து:

எங்கள் ஊரில் செட்டை விடப் பூஞ்சணம்தான் பெரிய பிரச்சினை. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள், நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகத் தெரிந்தால் நல்ல டெக்கில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிப் பெட்டியில் காய வைத்து, போனாலும் பரவாயில்லை என்கிற பழைய பிளேயரில் முதலில் ஓட்டுங்கள். மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். வினைல் தட்டு என்றால் வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். வட்டத்தோடு வட்டமாகத் துடையுங்கள், நடுவில் இருக்கும் காகிதம் நனையக் கூடாது.

கண்டியிலிருந்து:

ஜப்பானில் இருந்து வரும் பழைய சாமான் வாங்குபவர்கள் கவனம். அவை 100 வோல்ட், நமக்கு 230. டிரான்ஸ்போமர் போட்டால் சரி என்று கடையில் சொன்னார்கள். வோல்ட் சரியாகிவிட்டது, தட்டு மட்டும் மெதுவாகச் சுற்றியது. ஜப்பானின் மேற்குப் பக்கம் 60 ஹேர்ட்ஸ். அதற்கென்று செய்த ஏசி மோட்டார், நமது 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். 33⅓ சுற்ற வேண்டியது 28-க்குக் கிட்ட வந்துவிடுகிறது. டிரான்ஸ்போமர் ஹேர்ட்ஸை மாற்றாது. கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் பிரீஆம்ப் செய்கிற திருத்தம் இடம் மாறிப் போவதால் சத்தத்தின் நிறம் பொருந்தாது. நான் 50 ஹேர்ட்ஸுக்கான கப்பியை மாற்றினேன். டிரைவ் வகை எது என்று கேட்டே வாங்குங்கள். மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ், டிசி மோட்டார் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஹட்டனிலிருந்து:

கண்டி அண்ணன் சொன்னது பெரிய உதவி. ஒன்று விட்டுப் போய்விட்டது. இரைச்சல் நீக்குவதை அளவோடு செய்யுங்கள். எங்கள் தம்பி ஒரு கூத்தை முழுக்கச் சுத்தம் செய்து கொண்டு வந்தான். தப்பின் அதிர்வும் சனத்தின் சத்தமும் சேர்ந்து போயிருந்தது. நல்ல வேளை, முதல் பதிவு அப்படியே ஃப்ளாக் கோப்பாக (தரம் குறையாமல் சுருக்கும் வகை) இருந்தது. பண்டாரவளைத் தங்கச்சி, 78 ஊசியைத் தனியாக வாங்க முடியுமா, ஊசி மாட்டியிருக்கும் முழுக் காட்ரிஜ்ஜும் மாற்ற வேண்டுமா?

பண்டாரவளையிலிருந்து:

ஊசி மட்டும் போதும் அண்ணே. எல்பி120 உடன் வரும் விஎம்95 காட்ரிஜ்ஜில் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு, எஸ்பி என்று போட்டிருக்கும் ஊசியை மாட்டிக்கொள்ளலாம். அழுத்தத்தை மட்டும் அதற்கேற்ப மாற்றி வையுங்கள், 78 ஊசிக்குக் கூடுதலாக வேண்டும்.