மறு: 'ரிலிஜியஸ் மீம்': மதப்போன்மி போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

'ரிலிஜியஸ் மீம்' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக ஐயா முன்வைத்த 'மதப்போன்மி'யில் எனக்கு ஒரு தயக்கம். மீமுக்குப் போன்மி நல்ல சொல். மகரக்குறுக்கத்துக்குப் பள்ளியில் படித்த 'போன்ம்' (போலும்) அதற்குள்ளேயே இருக்கிறது. 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், ஒருவரைப் பார்த்து ஒருவர் போலச்செய்து பரவும் கருத்துக்கு 'மீம்' என்று பெயர் வைத்தபோதும், போலச்செய்ததைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் சுருக்கினார்; கடவுள் நம்பிக்கையையே எடுத்துக்காட்டாகவும் சொன்னார். எனக்கு இடறுவது முன்னால் நிற்கும் 'மதம்'.

மதுரையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்திரைத் திருவிழா சமயம் ஒரு படம் வந்தது. வைகைக் கரையில் அழகர். பக்கத்தில் வடிவேலு முகம், "பந்தி முடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறது. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்தவர், தாலி கட்டி முடிந்ததென்று ஆற்றிலேயே கேள்விப்பட்டுத் திரும்பும் கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அழகருக்காகச் செம்பில் சர்க்கரை நிரப்பிக்கொண்டிருந்த அத்தை, சர்க்கரை ஒட்டிய விரலோடு போனை வாங்கிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நாலு நாள் கழித்து அதே படம் வேறு வாசகத்தோடு வந்தது: "தங்கச்சி கல்யாணத்துக்கே நேரத்துக்கு வராதவரையா கும்பிடுறீங்க?" அத்தை ஒன்றும் பேசாமல் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவர் பக்தி இம்மியும் குறையவில்லை. ஆனால் இப்போது யார் சாமி படம் காட்டினாலும், "யாரு அனுப்புனது?" என்றுதான் முதலில் கேட்கிறார்.

அவர் கேட்பதுதான் சரியான கேள்வி. படம் ஒன்று, முகம் ஒன்று. கேலி செய்பவருக்கும் சாமிக்கும் உள்ள உறவு மட்டும் வேறு. நம் பக்கம் கேலிக்கே முறை உண்டு. மாமன் மச்சான் சொன்னால் சிரிப்பு, முறையில்லாதவர் அதையே சொன்னால் சண்டை. திருக்கண்ணபுரத்துப் பெருமாளிடம், 'உனக்குப் பிறப்புப் பத்து, சிவனுக்கு ஒன்றுமில்லை, எனக்கோ எண்ணி மாளாது. அதனால் உன்னைவிட நான் பெரியவன்' என்று காளமேகப் புலவர் பாடியதும் அந்த முறையில்தான்.

இந்த வேறுபாட்டை 'மதம்' காட்டாது. ஆகவே உறவின் உரிமையோடு செய்யும் கேலிக்கு முறைப்போன்மி, இகழ்ந்து செய்வதற்கு எள்ளற்போன்மி என்று இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். நகை பிறக்கும் நான்கு களங்களில் தொல்காப்பியர் முதலில் வைத்தது எள்ளல். 'முறை' வழிமுறையோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். முறைமாமன், முறைப்பெண் என்னும்போது யாரும் குழம்புவதில்லையே.

அப்புறம், கேலியே இல்லாமல் 'பத்துப் பேருக்கு அனுப்பு, நல்லது நடக்கும்' என்று வருகிறதே, அந்த வகைக்கு எனக்குச் சொல் அகப்படவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.